பகடையும் நிரலும்: வாசகர் கேள்வி–பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) போன்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளே ஆட்டங்களை நிதானமாக ஆட இதைவிட நல்ல காலம் இராமநாதபுரம் கடற்கரையில் கிடையாது. ஆட்டத் தரவை நிரல் எழுதிக் கேட்டு வாங்குவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். புள்ளி, அடிக்கோடு, சாய்கோடு எதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆட்டத்தின் நடுவில் ஒரு அரக்கனின் விவரத்தைப் புத்தகத்தில் புரட்டித் தேடுவதற்குள் ஆட்டமே ஆறிப்போகிறது. நெட்டில் தரவுத்தளம் இருக்கிறது, நிரலால் கேட்கலாம் என்கிறார்கள். எதைக் கேட்பது?
— கல்லூரி மாணவர், பாம்பன்

மூன்று இடங்கள் உண்டு. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அரக்கர், மந்திரம், ஆயுதம், வகுப்பு விவரங்கள் மட்டும் போதுமென்றால் 'டிஎன்டி5இ ஏபிஐ' என்ற இலவசச் சேவை போதும். ஏபிஐ என்றால் நிரல் கேட்டதும் தரவைத் தரும் இணைய வாசல். கணக்குத் திறக்க வேண்டாம், அனுமதிச் சாவி வாங்க வேண்டாம். விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் பொதுவில் விட்ட 'சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்', சுருக்கமாக எஸ்ஆர்டி, இதன் அடிப்படை. 2014 விதிகளுக்கான பிரிவில் 334 அரக்கரும் 319 மந்திரங்களும் இருக்கின்றன.

பிற பதிப்பகங்கள் திறந்த உரிமத்தில் வெளியிட்ட அரக்கரும் வேண்டுமென்றால் 'ஓப்பன்5இ' பக்கம் போங்கள். அங்கே சரக்கு அதிகம், அதனால் சிக்கலும் அதிகம். ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிவுகள் வெவ்வேறு நூல்களிலிருந்து வந்து நிற்கும். எந்த நூலிலிருந்து என்று வடிகட்டிக் கேட்காவிட்டால் பட்டியல் குழம்பிவிடும்.

ஆட்டத்துக்குள் இருக்கும் விவரம் வேண்டாம், ஆட்டப் புத்தகங்களைப் பற்றிய விவரம்தான் வேண்டும் என்றால் (யார் எழுதியது, எந்த ஆண்டு, எத்தனை பேர் மதிப்பிட்டார்கள்) அதற்குப் போர்டுகேம்கீக்கும் அதன் சகோதரத் தளமான ஆர்பிஜிகீக்கும். அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, கீழே பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் முதலாவதிலேயே கை பழகுவது நல்லது. தரவு ஒழுங்காக இருப்பதால் தவறு உங்கள் நிரலிலா, தரவிலா என்று சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: என்னிடம் கணினி இல்லை, ஆண்ட்ராய்டு போன்தான். முடியுமா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தங்கச்சிமடம்

தாராளமாக முடியும் அம்மா. போனில் கட்டளை தட்ட இடம் தரும் 'டெர்மக்ஸ்' செயலியை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து இறக்குங்கள். திறந்ததும் முதலில் 'பிகேஜி அப்டேட்', அடுத்து 'பிகேஜி இன்ஸ்டால் பைத்தான்', மூன்றாவதாக 'பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்'. எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கான தொகுப்பு பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வந்துவிடும், தனியாகத் தேட வேண்டாம்.

இந்த இறக்கங்கள் சற்றுப் பெரியவை. வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை செய்து முடித்துவிடுங்கள். அதன் பிறகு ஒரு அரக்கனின் விவரம் கேட்க ஆகும் டேட்டா, வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்ப ஆவதைவிடக் குறைவு.

கேள்வி: இணையத்தில் கிடைத்த ஒரு பழைய மாதிரி நிரலை அப்படியே ஓட்டினேன். பட்டியல் வந்தது. ஒவ்வொரு அரக்கனாக எடுக்கப் போனால் 404. அதைச் சரிசெய்தால் கவச எண்ணை ஒப்பிடும் வரியில் 'டைப்எரர்' என்று நின்றுவிடுகிறது. எங்கே தப்பு?
— மென்பொருள் பயிலும் மாணவி, கீழக்கரை

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். இந்தத் தரவைத் தொடும் ஏறக்குறைய எல்லோரும் இவ்விரண்டிலும் முட்டிக்கொள்வார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் 404. பட்டியலைக் கேட்டால் வருவது ஒரு ஜேசன், அதாவது பெயரும் மதிப்புமாக எழுதிய தரவு. அதில் 'கவுண்ட்' என்று ஒரு எண், 'ரிசல்ட்ஸ்' என்று ஒரு வரிசை. வரிசையின் ஒவ்வொரு உருப்படியிலும் 'இன்டெக்ஸ்', 'நேம்', 'யூஆர்எல்' இருக்கும். அந்த யூஆர்எல் முழு முகவரி அல்ல. '/ஏபிஐ/2014/மான்ஸ்டர்ஸ்/அபோலெத்' என்று பாதியிலிருந்து தொடங்கும். உங்கள் நிரலில் அடிப்படை முகவரியை '…/ஏபிஐ/2014' வரை எழுதிவைத்து, அதன் பின்னால் இதை ஒட்டியிருப்பீர்கள். ஒட்டியதும் '/ஏபிஐ/2014' இரண்டு தடவை வந்துவிடும். அப்படி ஒரு இடம் சர்வரில் கிடையாது, அதனால்தான் 404. அடிப்படை முகவரியைத் தளத்தின் பெயரோடு நிறுத்துங்கள். மீதியை யூஆர்எல்லே சொல்லிவிடும். ஒட்டிய முகவரியை ஒருமுறை 'பிரின்ட்' செய்து கண்ணால் பார்த்தால் இந்தத் தவறு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய மாதிரிகளில் '2014' என்ற பகுதியே இருக்காது. அந்த முகவரியைக் கேட்டால் சர்வர் 301 சொல்லிப் புதிய இடத்துக்கு அனுப்பும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் தானாகவே பின்தொடர்ந்து போய்விடும். 'கர்ல்' கட்டளை போகாது. அதற்கு மைனஸ் போட்டுப் பெரிய எல் சேர்க்க வேண்டும்.

அடுத்தது டைப்எரர். 'ஆர்மர்_கிளாஸ்', அதாவது கவச எண், முன்பு வெறும் எண்ணாக இருந்தது, இப்போது வரிசை. கோப்ளினைக் கேட்டால் 15 என்று வராது. உள்ளே 'டைப்' ஒன்றும் 'வேல்யூ' 15 என்றும் கொண்ட ஒரு பொருள், அது ஒரு வரிசைக்குள் வரும். வரிசையையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் பைத்தான் மறுக்கத்தானே செய்யும். முதல் உருப்படியின் 'வேல்யூ'வை எடுங்கள். 'மேஜ்' போன்ற சிலருக்கு இரண்டு உருப்படிகள் உண்டு: சாதாரணமாக 12, மந்திரக் கவசம் போட்டுக்கொண்டால் 15. 'மேக்ஸ்' போட்டு எடுத்தால் எப்போதும் 15 தான் வரும். உங்கள் ஆட்டத்துக்கு எது வேண்டும் என்று முடிவு செய்து எழுதுங்கள்.

இதே வகையில் இன்னும் சில பொறிகள் இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

'ஹிட்_டைஸ்' என்ற இடத்தில் இருப்பது பகடைகள் மட்டும், கூட்டல் எண் அதில் இருக்காது. அபோலெத்துக்கு அங்கே 18டி10 (பத்து முகப் பகடை 18) என்றிருக்கும். அதை வைத்துச் சராசரி போட்டால் 99 தான் வரும். உண்மையான உயிர்ப்புள்ளி 135. முழுக் கணக்கான 18டி10+36, 'ஹிட்_பாயின்ட்ஸ்_ரோல்' என்ற இடத்தில் இருக்கிறது. பகடை உருட்டி உயிர்ப்புள்ளி போடுகிற நிரல் எழுதினால் இதைத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய அரக்கரெல்லாம் நோஞ்சானாகிவிடும்.

'ஸ்பீட்' ஒரு பொருள். 'வாக்', 'ஸ்விம்', 'ஃப்ளை' என்று சாவிகள், மதிப்போ '40 அடி' போல எழுத்துச் சரம். இடைவெளியில் பிரித்து முதல் துண்டை எண்ணாக்குங்கள். ஆனால் காற்றுப் பூதம் போன்றவற்றில் 'ஹோவர்' என்றொரு சாவி வரும், அதன் மதிப்பு ஆம்–இல்லை. எல்லா சாவிகளையும் ஒரே சுழலில் பிரிக்கப் போனால் அங்கே நிரல் விழுந்துவிடும்.

மந்திரங்களில் சேத அளவு 'டேமேஜ்_அட்_ஸ்லாட்_லெவல்' என்ற அட்டவணையில் இருக்கிறது. ஃபயர்பாலுக்கு ஸ்லாட் மட்டம் 3 என்றால் 8டி6, 4 என்றால் 9டி6. அந்த 3, 4 எல்லாம் மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துகள். எண் 3 கொடுத்துத் தேடினால் 'கீஎரர்'. 'ஃபயர் போல்ட்' போன்ற கேன்ட்ரிப்களுக்கு (ஸ்லாட் செலவில்லாத எளிய மந்திரங்கள்) இந்த அட்டவணையே கிடையாது. அவற்றின் சேதம் பாத்திரத்தின் மட்டத்தைப் பொறுத்து 1, 5, 11, 17 என்ற படிகளில் ஏறும், அதற்கு 'டேமேஜ்_அட்_கேரக்டர்_லெவல்' என்று தனிப் பெயர். சதுர அடைப்பில் நேராக எடுக்காமல் 'கெட்' முறையில் எடுத்துப் பழகுங்கள். நம் மன்னார் வளைகுடாவின் கடற்குதிரைக்குக்கூட எஸ்ஆர்டியில் இடம் உண்டு. பாவம், அதற்குத் தாக்கும் செயல் எதுவுமில்லை. 'ஆக்‌ஷன்ஸ்' எல்லோரிடமும் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரலை அந்தச் சின்ன உயிர் நிறுத்திவிடும்.

ஆகவே, எந்தத் தரவையும் கையாளும் முன் இரண்டு மூன்று பதிவுகளை 'இன்டென்ட்' 2 போட்டு அச்சிட்டு, நிதானமாக வாசியுங்கள். கோப்ளின், கடற்குதிரை, மேஜ், காற்றுப் பூதம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன பொறிகளில் அரக்கர் பக்கம் இருப்பவை பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும்.

கேள்வி: குருசடைத் தீவு, முயல்தீவு, அப்பாத்தீவு என்று நம் தீவுகளையே களமாக வைத்து ஆட்டம் நடத்துகிறோம். வீரர்கள் இரண்டாம் மட்டம். கடலில் எதிர்ப்படக்கூடிய, சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கனின் கடுமையைச் சொல்லும் எண்) 2க்கு மேல் போகாத அரக்கர்களின் பட்டியல் வேண்டும். ஏபிஐயிடம் 'நீந்துபவை மட்டும்' என்று கேட்க வழி தெரியவில்லை.
— ஆட்டம் நடத்துபவர், தொண்டி

வழி இல்லை என்பதே காரணம். அந்தச் சேவை அரக்கரைச் சேலஞ்ச் ரேட்டிங் கொண்டு வடிகட்டித் தரும், நீச்சல் வேகம் கொண்டு தராது. கேள்விக்குறிக்குப் பின்னால் சேலஞ்ச் ரேட்டிங் 0.5 என்று போடலாம். பின்னத்தைத் தசமமாகத்தான் எழுத வேண்டும். 1/2 என்று எழுதினால் எடுபடாது.

மடி வலை கரைக்கு வந்த பிறகுதானே விளமீன் ஒரு கூடை, பாறை ஒரு கூடை, நண்டு ஒரு கூடை என்று பிரிக்கிறோம்? இங்கும் அதையே செய்யுங்கள். 334 அரக்கரையும் ஒரே தடவையில் இறக்கி உங்கள் போனிலோ கணினியிலோ எஸ்க்யூலைட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எந்தக் கேள்வியையும் உங்கள் வீட்டிலேயே கேட்கலாம், நெட் வேண்டாம்.

அட்டவணையில் எட்டு பத்திகள் போதும்: ஸ்லக், நேம், சிஆர் (சேலஞ்ச் ரேட்டிங்), ஏசி (கவச எண்), ஹெச்பி (உயிர்ப்புள்ளி), எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஸ்விம், ரா. கடைசிப் பத்தியில் வந்த ஜேசனை அப்படியே முழுதாகப் போட்டு வையுங்கள். நாளைக்கு 'விஷம் தாங்கக்கூடியவை எவை' என்று கேட்கத் தோன்றினால் மறுபடி இறக்க வேண்டியதில்லை. எஸ்க்யூலைட்டின் 'ஜேசன்_எக்ஸ்ட்ராக்ட்' மூலம் அதற்குள்ளேயே தேடலாம்; 3.38 பதிப்பிலிருந்து அந்த வசதி இயல்பாகவே உள்ளே இருக்கிறது. முதல் பத்திக்கு, தரவில் உள்ள பெயர்தானே என்று 'இன்டெக்ஸ்' எனப் பெயர் வைத்துவிடாதீர்கள். எஸ்க்யூஎல்லில் அது ஒதுக்கப்பட்ட சொல். அட்டவணை உருவாகும் வரியிலேயே 'சின்டாக்ஸ் எரர்' வரும், காரணமும் சட்டென்று புரியாது. அதனால்தான் ஸ்லக் என்றோம்.

பதிவைச் சேர்க்கும்போது மதிப்புகளைச் சரத்தில் ஒட்டாமல் கேள்விக்குறி வைத்துத் தனியாகக் கொடுங்கள். அரக்கரில் பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள். மந்திரங்களுக்கு வந்தால் 'ஹன்டர்ஸ் மார்க்'கின் நடுவில் இருக்கும் ஒற்றை மேற்கோள் உங்கள் கட்டளையை இரண்டாக வெட்டிவிடும். ஸ்லக்கை 'பிரைமரி கீ' ஆக்கி 'இன்சர்ட் ஆர் ரீப்ளேஸ்' என்று எழுதினால் மறுபடி ஓட்டினாலும் இரட்டைப் பதிவு விழாது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் நடுவில் 1 வினாடி உறங்கவிடுங்கள். இறக்க ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், ஆகட்டும். ஆர்வலர்கள் இலவசமாக நடத்தும் சேவை அது. 334 கோரிக்கைகளை ஒரே மூச்சில் கொட்டுவது மரியாதையல்ல.

எல்லாம் சேர்ந்த பிறகு கேள்வி இவ்வளவுதான்:

செலக்ட் நேம், சிஆர், ஏசி, ஹெச்பி ஃப்ரம் மான்ஸ்டர்ஸ் வேர் ஸ்விம் > 0 அண்ட் சிஆர் பிட்வீன் 0.5 அண்ட் 2 ஆர்டர் பை சிஆர், நேம்;

ரீஃப் ஷார்க், ஜயன்ட் சீ ஹார்ஸ், சஹுவாகின் ஆகியவை 0.5இல் வரும். ஜயன்ட் ஆக்டோபஸ் 1இல். ஹன்டர் ஷார்க், மெர்ரோ, சீ ஹேக், பிளீசியோசாரஸ் 2இல். கூடவே முதலையும், ராட்சதத் தேரையும், பனிக்கரடியும் வந்து நிற்கும். பனிக்கரடிக்கும் நீச்சல் வேகம் 30 அடி இருக்கிறது, நிரல் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. வாழிடம் என்ற விவரம் இந்தத் தரவில் இல்லை. 'கடல்' என்று ஒரு பத்தி சேர்த்து, பட்டியலைப் பார்த்து நீங்களே 1 அல்லது 0 போடுங்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் ஆகும், ஆனால் காலத்துக்கும் பயன்படும்.

கேள்வி: பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது நெட் போய்விடுகிறது. நிரல் அப்படியே உறைந்து நிற்கிறது, பிழைச் செய்தியும் இல்லை.
— வாசகர், மண்டபம்

ரிக்வெஸ்ட்ஸுக்கு நீங்கள் சொல்லாவிட்டால் காலவரம்பு கிடையாது. பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு 'கெட்'டிலும் 'டைம்அவுட்' கொடுங்கள்: இணைய 5 வினாடி, பதில் வர 20 வினாடி. தோற்றால் 1, 2, 4, 8 வினாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே நான்கு முறை முயலட்டும். 429 வந்தால் நீங்கள் வேகமாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். 500, 503 வந்தால் கோளாறு சர்வர் பக்கம். இரண்டுக்கும் காத்திருப்பதுதான் மருந்து. 404க்கு மட்டும் மறுமுயற்சி வேண்டாம், நூறு தடவை கேட்டாலும் அதே பதில்தான்.

ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு 'கமிட்' செய்யுங்கள். மறுபடி ஓட்டும்போது அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் ஸ்லக்குகளைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் 200இல் விட்டது 201இல் தொடரும்.

கேள்வி: 'பிஹோல்டர்' என்று கேட்டால் 404. 'மெல்ஃப்ஸ் ஆசிட் ஏரோ' மந்திரமும் இல்லை. தரவு அரைகுறையா?
— வாசகர், தேவிபட்டினம்

எஸ்ஆர்டி என்பது முழு விதிநூல் அல்ல. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற சில அரக்கரின் விவரங்களை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் எஸ்ஆர்டியை நம்பி நிற்கும் எந்தச் சேவையிலும் அவை கிடைக்காது. மந்திரங்களில் மந்திரவாதிகளின் பெயர்கள் கழற்றப்பட்டிருக்கின்றன. மெல்ஃப் பெயரை விட்டு 'ஆசிட்-ஏரோ' என்று கேளுங்கள், வரும். 'லியோமண்ட்ஸ் டைனி ஹட்'டும் அங்கே வெறும் 'டைனி-ஹட்' தான்.

கேள்வி: ஆவுளியா இல்லாமல் மன்னார் வளைகுடா ஆட்டமா? எங்கள் தரவுத்தளத்தில் அதைச் சேர்க்க வேண்டும், பெயரையும் தமிழிலேயே வைக்க வேண்டும். தமிழில் சேமித்தால் கோப்பில் ஏதேதோ குறியீடாக வருகிறது.
— ஆசிரியை, இராமேஸ்வரம்

நல்ல எண்ணம். ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு எஸ்ஆர்டியில் பதிவில்லை. அருகில் இருக்கும் ஒன்றின் ஜேசனை நகலெடுத்து மாற்றுவதே சுலபம். கில்லர் வேல் பதிவை எடுத்துக்கொண்டால் அதன் 90 உயிர்ப்புள்ளியும் கடியும் ஆவுளியாவுக்குப் பொருந்தாது. கடற்புல் மேயும் சாதுவான உயிர் அது. உயிர்ப்புள்ளியைப் பகடையோடு சேர்த்தே மாற்றுங்கள். உதாரணத்துக்கு 4டி10+8 என்று வைத்தால் சராசரி 30. பகடையின் சராசரி, முகங்களோடு 1 கூட்டிப் பாதியாக்கியது: டி10க்கு 5.5. அரக்கரில் பெரும்பாலானவர்களின் உயிர்ப்புள்ளி இந்தச் சராசரிதான், பின்னம் வந்தால் கீழே வெட்டப்படும். உங்கள் பதிவும் அதே முறையில் இருந்தால் மற்றவற்றோடு ஒத்துப்போகும். சேர்க்கும்போது 'மூலம்' என்று ஒரு பத்தி வைத்து எஸ்ஆர்டி, சொந்தம் என்று பிரித்துக் குறியுங்கள். பிறகு தரவைப் புதுப்பிக்கும்போது உங்கள் உழைப்பு அழியாது.

குறியீடாக வருவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பின்சாய்கோடு போட்டு 'யூ0பி…' என்று தொடங்கும் குறியீடுகள் வந்தால், 'ஜேசன்.டம்ப்ஸ்' அதை ஆங்கில எழுத்து மட்டுமே கொண்ட ஆஸ்கிக்கு மாற்றிவிட்டது. 'என்ஷ்யூர்_ஆஸ்கி' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். விண்டோஸில் 'யூனிகோட்என்கோட்எரர்' என்று விழுந்தால், கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்' கட்டளையில் 'என்கோடிங்' யூடிஎஃப்-8 என்று சொல்லவில்லை. எழுதும்போதும் வாசிக்கும்போதும் இரண்டிலும் சொல்ல வேண்டும்.

ஆங்கிலப் பெயரை நீக்கிவிடாதீர்கள் டீச்சர். தமிழ்ப்பெயருக்குத் தனிப் பத்தி வையுங்கள். பிள்ளைகள் 'சுறா' என்று தட்டினாலும் கிடைக்கும், ஏபிஐயோடு பொருத்தவும் முடியும்.

கேள்வி: ஐந்து வீரர்கள், எல்லோரும் இரண்டாம் மட்டம். எத்தனை ரீஃப் ஷார்க் விட்டால் சரியாக இருக்கும்? இதையும் நிரலே சொல்ல முடியுமா?
— ஆட்டம் நடத்துபவர், ஏர்வாடி

முடியும். ஆனால் எந்த ஆண்டின் விதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், விடை தலைகீழாக மாறும்.

2014 விதிப்படி இரண்டாம் மட்டத்தில் ஒரு வீரருக்கு எளிது 50, நடுத்தரம் 100, கடினம் 150, மரண ஆபத்து 200 எக்ஸ்பி. ஐவருக்கு 250, 500, 750, 1000. ரீஃப் ஷார்க் ஒன்றுக்கு 100 எக்ஸ்பி. அரக்கரின் கூட்டுத்தொகையை அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்க வேண்டும்: ஒருவர் என்றால் 1, இருவர் 1.5, 3 முதல் 6 வரை 2, 7 முதல் 10 வரை 2.5, 11 முதல் 14 வரை 3, அதற்கு மேல் 4. இரண்டு சுறா என்றால் 300, எளிது. மூன்று என்றால் 600, நடுத்தரம். நான்கு என்றால் 800, கடினம். மூன்றாவது சுறா வந்ததும் தொகை இரட்டிப்பாகிறது பாருங்கள். பெருக்கலை மறந்த நிரல்கள் இங்கேதான் ஏமாற்றும்.

2024 விதிகளில் இந்தப் பெருக்கல் எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் மட்டத்தில் ஒருவருக்குக் குறைவு 100, மிதம் 150, அதிகம் 200. ஐவருக்குக் குறைவின் எல்லையே 500. பழைய கணக்கில் 'கடினம்' ஆன அதே நான்கு சுறாக்கள் இங்கே 400 எக்ஸ்பியோடு குறைவுக்குள் அடங்கிவிடும். ஆகவே உங்கள் செயற்கூற்றுக்கு விதியாண்டையும் ஒரு உள்ளீடாகக் கொடுங்கள். இரண்டு அட்டவணையையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

நிரலுக்குத் தெரியாத ஒன்று தண்ணீர். நீச்சல் வேகம் இல்லாத வீரர் கடலுக்குள் கத்தி, ஈட்டி, எறிவேல், சிறுவாள், திரிசூலம் தவிர வேறு கைப்போர் ஆயுதத்தால் அடித்தால் பாதகத்தோடு உருட்ட வேண்டும். ரீஃப் ஷார்க்குகளோ கூட்டமாக வந்தால் சாதகம் பெறும். படகில் நின்று சண்டை என்றால் நான்கு விடுங்கள். தண்ணீருக்குள் என்றால் 2014 கணக்கில் இரண்டோடு நிறுத்துவதே எங்கள் பரிந்துரை.

கேள்வி: எங்கள் குழுவிடம் இருக்கும் ஆட்டப் புத்தகங்களின் பட்டியலை ஆர்பிஜிகீக் விவரங்களோடு தயாரிக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்தின் பெயரும் 'நன்' என்றே வருகிறது.
— நூலக உதவியாளர், பரமக்குடி

அங்கே வருவது ஜேசன் அல்ல, எக்ஸ்எம்எல். 'நேம்' என்ற குறியின் நடுவில் எழுத்து எதுவும் இருக்காது. பெயர் அதன் 'வேல்யூ' பண்பில் இருக்கிறது. 'டெக்ஸ்ட்' கேட்டால் 'நன்' வரத்தான் செய்யும். 'கெட்' மூலம் வேல்யூவை எடுங்கள். ஒரு புத்தகத்துக்குப் பல 'நேம்' இருக்கலாம். 'டைப்' பண்பு 'பிரைமரி' என்றிருப்பதே முதன்மைப் பெயர்.

தேட 'சர்ச்', வகைக்கு 'ஆர்பிஜிஐட்டம்'. எண் தெரிந்தபின் விவரத்துக்கு 'திங்', மதிப்பீடும் வேண்டுமென்றால் 'ஸ்டாட்ஸ்' 1. ஒரு தடவைக்கு 20 எண்கள் வரைதான் கேட்கலாம். 45 புத்தகங்கள் என்றால் 20, 20, 5 என்று மூன்றாகப் பிரியுங்கள், நடுவே 5 வினாடி விடுங்கள். யாருடைய சேகரிப்பையாவது கேட்டால் முதலில் 202 வரும். பிழையல்ல, தயாராகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில வினாடி கழித்து அதே முகவரியை மறுபடி கேளுங்கள். இப்போது செயலியைப் பதிவு செய்து டோக்கன் (அனுமதிக் குறி) வாங்கினால்தான் இந்தச் சேவை பதில் தரும். டோக்கனை 'ஆத்தரைசேஷன்' தலைப்பில் 'பேரர்' என்ற சொல்லுக்குப் பின் வைக்க வேண்டும். அதை நிரலுக்குள்ளேயே எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள், தனிக் கோப்பில் வையுங்கள்.

கேள்வி: இருபது முகப் பகடைக்கு நிரல் எழுதினேன். மாதக்கணக்கில் ஆடியும் ஒருவருக்கும் 20 விழவே இல்லை.
— வாசகர், திருப்பாலைக்குடி

'ரேண்ட்ரேஞ்ச்' 1, 20 என்று எழுதியிருப்பீர்கள். அது கடைசி எண்ணைச் சேர்க்காது, 19 வரைதான் போகும். 'ரேண்ட்இன்ட்' 1, 20 என்று மாற்றுங்கள். அது இரண்டு முனைகளையும் சேர்க்கும்.

கேள்வி: எங்கள் தரவுத்தளத்தைத் தமிழ்ச் செயலியாக்கி வெளியிடலாமா? சிறு விலை வைக்கலாமா?
— இரு நண்பர்கள், உச்சிப்புளி

எஸ்ஆர்டி 5.1 பதிப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 பெயர்சுட்டல் உரிமத்தில் வெளியிடப்பட்டது. 2024 விதிகளுக்கான 5.2 பதிப்பு 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்தது. மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விலைக்கும் விற்கலாம். எஸ்ஆர்டியின் தொடக்கத்தில் தரப்பட்டுள்ள பெயர்சுட்டல் வாசகத்தைச் செயலியில் பார்க்கும்படி வைப்பதும், நீங்கள் மாற்றங்கள் செய்திருப்பதைச் சொல்வதும் கட்டாயம்.

இந்த அனுமதி எஸ்ஆர்டியில் இருப்பதற்கு மட்டும். விதிநூல்களின் ஓவியங்கள், பிஹோல்டரின் விவரங்கள், 'டி அண்ட் டி' சின்னம் எதையும் எடுக்கக் கூடாது. ஓப்பன்5இயிலிருந்து எடுத்த பிற பதிப்பகங்களின் அரக்கருக்கு அந்தந்த நூலின் உரிமம் தனி. 'மூலம்' பத்தியை முதலிலிருந்தே நிரப்பி வந்திருந்தால் எதை வெளியிடலாம், எதை நிறுத்திவைக்க வேண்டும் என்பதை ஒரே 'வேர்' வரியில் பிரித்துவிடலாம். நிரப்பவில்லையென்றால், வெளியிடுவதற்கு முன் அந்த வேலையை முடியுங்கள்.